நிமிர்ந்து இருந்தவள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெல்டிங் கடைக்குப் போனவன். சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் இருந்தபடியே குண்டெறிதல் போட்டியில் குண்டு போடுவதற்கு ஓர் இரும்புக் கதிரை வேண்டுமென்று ஒருநாள் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். செய்து கொடுத்தேன். ஒட்டு விட்டுப்போகுமோ என்ற பயத்தில் மறுநாள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் போனேன். அப்படிப் போய்ப் போய்த்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவனானேன். மாஸ்ரர் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும்.

எனக்கு எதற்கும் பயம். கதிரையை நிலத்தோடு இழுத்துக் கட்டும் பட்டியை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வல்வெட்டித்துறையிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துச் சிரிப்பாள். “நட்டு கழண்டது கதிரையிலையோ, மாஸ்ரரின்ரை தலையிலையோ?” என்று மற்றவர்களிடம் கேட்பாள். அவளுக்கு ஒன்பது வயதில், சண்டைக் காலத்தில், முதுகெலும்பில் செல் குண்டின் துண்டு பட்டது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பிடிமானம் இல்லாமல் இருத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். ஆனால் அந்தக் கைகளில் இருந்த பலத்தை நான் வேறு ஒருவரிடமும் கண்டதில்லை.

கொழும்பில் தெரிவுப் போட்டி வந்தது. தன்னுடைய பிரிவில் முதலாவதாக வந்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம். அவள் பயிற்சியில் போட்ட தூரமே அதற்குக் காணும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தோம். பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்துவிட்டாள்.

போட்டிக்கு முதல்நாள் வைத்தியர்கள் உடம்பைச் சோதிப்பார்கள். எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்துத்தான் பிரிவு போடுவார்கள். பலம் கூடினவர்களுக்கு மேற்பிரிவு. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், உள்ளே போகுமுன் அவளுடைய காதுக்குள் சொன்னேன்: “நிமிர்ந்து இரு, பிள்ளை. உன்னை ஏலாதவள் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது.”

எங்கள் ஊரில் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் இப்படியான பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்லும் சொல் அது. என் வாயிலும் அதுதான் வந்தது.

இருந்தபடியே கையை விட்டுவிட்டு முன்னால் குனிந்து நிமிரச் சொன்னார் வைத்தியர். அவள் கழுத்தைச் சுண்டி, தோளை எறிந்து, எப்படியோ நிமிர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. நான் சுவரோரம் நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன். வைத்தியர் எழுதிக்கொண்டார்.

அவள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் என் கையில் ஒரு காகிதத்தைத் தந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். தலையாட்டினேன். காகிதம் இங்கிலீசில் இருந்தது. அவள் உயர்தர வகுப்புவரை படித்தவள், கொடுத்தால் வாசித்துச் சொல்லியிருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

பின்னேரம் பெயர்ப் பட்டியலில் அவளை ஒரு பிரிவு மேலே போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டாள். அவர்கள் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்றேன்.

மறுநாள் அவள் போட்டதுபோல் வாழ்க்கையில் ஒருநாளும் போட்டதில்லை. குண்டு விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “கண்டனீங்களோ?” என்று சிரித்தாள். இடுப்பு அசைகிறவர்களோடு போட்டியிட்டதால் கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. அவளுடைய பழைய பிரிவில் அன்று வென்றவள் போட்ட தூரம் அதைவிட ஒரு முழம் குறைவு. ரயிலில் யாழ்ப்பாணம் திரும்பினோம்.

பிறகு அவள் மைதானத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் நித்திரை இல்லாமல் கிடந்துவிட்டு, அந்தக் காகிதத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். வாங்கி ஒரே மூச்சில் வாசித்தாள்.

“ஒரு மணித்தியாலம் தந்திருக்கினம், மாஸ்ரர். பிரிவைத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சிருந்தாக் காணும்.”

எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்தேன்.

“விளங்காதெண்டு எனக்குத் தெரியும். என்னட்டைத் தந்திருக்கலாமே.”

தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் போகும்வரை பொறுத்திருந்து, அவள் மெல்லச் சொன்னாள்: “அண்டைக்கு அந்த டொக்டருக்கு முன்னாலை நான் விழுவமெண்டுதான் பாத்தனான். என்னாலை ஏலாமல் போச்சுது. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டியள்.”

திரும்பச் சோதிக்க இன்னும் சில வருடம் போகவேண்டும். அதுவரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை. இப்போது வீட்டிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள்.

மற்றப் பிள்ளைகளை நான் இன்னும் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வாசல்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் விடுவேன். உள்ளே போவதில்லை.