கம்பி கட்டிய துவக்கு

தோட்டத்துக் காவல்காரரான என் கணவரிடம் லைசன்ஸ் உள்ள பழைய துவக்கு ஒன்று இருக்கிறது. குழல் வாய் வழியே வெடிமருந்தையும் ஈயத்தையும் இடித்து நிரப்புவது. காட்டுப்பன்றிதானா என்று இரண்டு தடவை பார்க்காமல் அவர் சுட மாட்டார். போன வருடம் ரப்பர் மலையில் பால் வெட்டப் போனபோது என் காலைத் துளைத்தது வேறு துவக்கு. அதையும் அப்படித்தான் நிரப்புவார்கள். ஆனால் அது தண்ணீர்க் குழாயில் புதிதாகச் செய்து, கால் தட்டினால் வெடிக்கும்படி பாதையில் கம்பி கட்டி வைத்தது. பார்த்துச் சுட ஆளே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர் வந்து அழுதார்.

"பன்னிக்குத்தான் வச்சேன் அக்கா."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"மூணு."

"வாங்க, இப்பவே கழட்டுவோம்."

"இந்தக் காலோடயா? நீங்க படுங்க, நான் பாத்துக்கிறேன்."

"விடிஞ்சா அங்க எட்டுப் பொம்பளைங்க வெட்டப் போவாங்க. என் கண்ணால பாக்கணும்."

தடியை ஊன்றி ஏறினேன். வலி தாங்காமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றையும் அவர் என் முன்னால் கழற்றினார். என் கணவர் அவற்றைச் சாக்கில் கட்டி, அவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார். காயம் ஆறியதும் அதே மலையில்தான் வேலை கேட்டு வாங்கினேன்.