முகாமில் தலை எண்ணிய நாள்

1. டர்ன்

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் சங்கக் கூட்டத்தில் கைதட்டல் மட்டும் குறைந்ததில்லை. எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் நான் டங்ஸ்மேன். பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்து உருளைகளுக்கு நடுவே அடுத்த பாஸில் திருப்பி விடும் வேலை. அந்த அனலில் தொடர்ந்து நிற்க முடியாது. அரை மணி நான், அரை மணி என் ஜோடி. அதைத்தான் டர்ன் என்போம்.

என் ஜோடி கோவிந்தன், பக்கத்தில் இருந்த பர்மா அகதி முகாம்காரர். அன்று காலை கேட்டில் என்னை நிறுத்தினார்.

“அண்ணே, இன்னைக்கு முகாம்ல தலை எண்ண வர்றாங்க. ஆள் இல்லேன்னா குடிசைய வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?”

“நீ போ, நான் பாத்துக்கறேன்” என்றேன். மற்ற ஜோடிகள் ஆளுக்கு ஒரு டர்ன் சேர்த்து நின்றால் மதியம் வரை சமாளித்துவிடலாம். சங்கச் செயலாளரும் எங்கள் செட்டுதான். அவரிடம் கேட்டேன்.

“இன்னிக்கு இவன், நாளிக்கு இன்னொருத்தன். நம்ம பசங்க எத்தினி டர்ன் வெந்துகினு நிப்பாங்க? பேஜாரு புடிச்ச வேலப்பா இது” என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பீடி பிடித்தார்கள்.

நான் ஒருவனே நின்றேன். மூன்றாவது டர்னில் கண் இருட்டி, கம்பி கை தவறியது. மில்லை நிறுத்திய போர்மேன் வாட்ச்மேனை முகாமுக்கு விரட்டினார். “உடனே வந்தா வேலை. இல்லாங்காட்டி நாளிலேர்ந்து வர வேணாம்னு சொல்லு.”

கோவிந்தன் ஓடி வந்தார். அதுவரை முகாமுக்கு அதிகாரி வந்திருக்கவில்லை.

2. மூட்டை

இவர் இந்தப் பக்கம் வந்ததும் அந்தப் பக்கம் ஜீப் வந்திருக்கிறது. புருஷன் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவர் மனைவி கெஞ்சியிருக்கிறார். “வேலைக்குப் போறவனுக்கு முகாம் எதுக்கும்மா?” என்றாராம் அதிகாரி. அந்த வாரமே குடிசையில் வேறு குடும்பம் ஏறியது. பாத்திரம் பண்டத்தோடு அவர்கள் ரயில்வே கேட் ஓரம் கிடந்தார்கள்.

செயலாளர் பழந்துணி வசூல் செய்து, மூட்டையோடு எங்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். “கவலப்படாத கோவிந்தா. உன் பின்னால சங்கமே நிக்குது.”

கோவிந்தன் மூட்டையைத் தொடவில்லை.

“பின்னால நிக்க வேண்டாங்க. அன்னைக்கு என் எடத்துல நின்னிருந்தா போதும்.”

எனக்குச் செயலாளர்மேலும் மற்ற ஜோடிகள்மேலும் வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

இப்போது சங்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அகதிக்குத் துணை நிற்பது என்றால் உங்கள் உடம்பும் கொஞ்சம் வேக வேண்டும். அதற்கு மனமில்லாவிட்டால் மேடையில் அவனைச் சகோதரன் என்று கூப்பிடாதீர்கள்.