நாற்பத்தேழாம் வில்லை

என் தறிக்கூடத்துச் சாவி தொங்கும் ஆணியிலேயே ஒரு பித்தளை வில்லையும் தொங்குகிறது. நாற்பத்தேழு என்று எண் வெட்டியிருக்கும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று சங்கரன்கோவிலில் இருபது விசைத்தறிக்கு முதலாளி. யார் தயவிலும் வந்ததில்லை. ஆனாலும் அந்த வில்லை பட்டால் விரல் குளிர்ந்துபோகும்.

வாலிபத்தில் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கூலிக்கு இருந்தேன். நம் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டமே அங்கே உண்டு. பனவடலிசத்திரத்து அக்கா ஒருவர் மேலே கரி சுமந்தார். அவர் புருஷன் உள்ளே புதைந்தபோது, அப்படி ஒருவன் இறங்கவே இல்லை என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர். உள்ளே இறங்கிய ஆளைக் கணக்கு வைக்கும் எண் வில்லை கூலி ஆட்களுக்கு அப்போது கிடையாது. அக்கா கரி சுமக்கும் பெண்களைத் திரட்டி, வண்டிப்பாதையில் உட்கார்ந்து, அடி வாங்கி, எங்கள் எல்லோருக்கும் வில்லை வாங்கித் தந்தார். இறங்கும்போது எடுத்துப்போக வேண்டும். ஏறியதும் சுரங்க வாசலில் ஆணி அடித்த பலகையில் மாட்ட வேண்டும். வெறும் ஆணி தெரிந்தால் ஆள் உள்ளே. "அவனவன் வில்லைய அவனவன் கையால மாட்டணும்லே" என்பார்.

ஒரு நாள், கரி எடுத்து முடிந்த பகுதியில் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை உருவி அதை இடித்து இறக்க ஏற்பாடாகியிருந்தது. காலையிலிருந்தே கூரை முனகியது. ஷிப்ட் முடிந்து ஏறும்போது என்னோடு கரி வெட்டும் கூட்டாளி தன் நாற்பத்தேழாம் வில்லையை நீட்டினான். "ஏலே, இதையும் மாட்டிரு. கால் கடுக்கு, செத்த படுத்துட்டு வாரேன்." மாட்டினேன். பீடி கொடுப்பதுபோல எங்களுக்குள் அது ஒரு உதவி.

பலகை நிறைந்துவிட்டது. கட்டை உருவும் ஆட்கள் கிளம்பினார்கள். அக்கா மட்டும் பலகையை நம்பாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகம் பார்த்தார். கூட்டாளி பெயருக்குப் பதில் இல்லை. எவனுக்கும் அஞ்சாத நான் ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன்; அக்கா என்னைத் தேடி வந்து நின்றார்.

"ஏலே, ரெண்டு மாட்டுனியா?"

தலையாட்டினேன். அக்கா சுரங்க வாயில் குறுக்கே போய் நின்றார். "ஆளு வெளிய வராம ஒரு கட்டையும் உருவப்படாது. என்னய மிதிச்சுட்டுப் போங்கவே!"

நான்தான் ஓடி இறங்கி, பக்கக் குடைவில் தூங்கியவனை இழுத்து வந்தேன். அதை இன்றும் மார்தட்டிச் சொல்வேன். வெளிச்சத்துக்கு வந்து மூச்சு வாங்குமுன் பூமி அதிர்ந்தது. ஒரு கட்டையும் உருவாமலே கூரை இறங்கிவிட்டது.

அக்கா அவன் வில்லையைக் கழற்றி என் கையில் வைத்தார். "நீ பெரிய ஆளா வருவே. அப்பவும் உள்ள யாரு இருக்கான்னு பாக்காம பூட்டுவே."

"எங்கிட்ட ஏதுக்கா பூட்டு?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் இரண்டு நாள் விடுமுறை விட்டுத் தறிக்கூடத்தைப் பூட்டினேன். "எல்லாரும் போயாச்சு அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி. சாவியைத் திருப்பிய பிறகு உள்ளே ஒரு இருமல். திறந்தால், வடக்கிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மறுபடி பூட்டப்போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று வாயெடுத்தேன். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை. சாவி மாட்டும் ஆணியில் தொங்கும் நாற்பத்தேழு என்ற எண் மட்டும்தான் தெரிந்தது.