பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

எங்கள் ஊர் கெல்டனில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆர்டித் க்ரூஸின் பெயரைப் பார்க்கலாம். சமையலறை அலமாரியைத் திறந்து, கண்ணாடிப் பாத்திரம் எதையாவது கவிழ்த்துப் பார்த்தால் போதும். அடியில் ஒரு துண்டு டேப், அதன் மேல் பேனாவால் எழுதிய பெயர். சாவு, ஆபரேஷன், பிரசவம், ஆலங்கட்டி மழையில் போன சோளம் என்று எந்தக் காரணமாக இருந்தாலும், மறுநாள் அந்த வீட்டுப் படியேறி ஒரு பாத்திரம் வந்துவிடும். அநேகமாக உருளைக்கிழங்கும் ஹாம் என்கிற பன்றிக்கறியும் பாலாடையில் சுட்டது. கொடுப்பவரும் வாங்குபவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். "சூடா இருக்கு, பாத்துப் பிடி" என்பதோடு சரி. பாத்திரம் திரும்பி வரும்போது நாலு தக்காளியோ அரை டஜன் முட்டையோ உள்ளே இருக்கும். அதைப் பற்றியும் பேச்சு கிடையாது.

ஆர்டித் என் அம்மாவின் அக்கா. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் காசும் மனசில் ஒரு திட்டமும் இல்லாமல் அயோவாவுக்குத் திரும்பி வந்த அந்தக் குளிர்காலத்தில், பெரியம்மா அரசியலில் இறங்கியிருந்தாள். அதிபர் வேட்பாளரைக் கட்சி தேர்ந்தெடுக்கிற வருஷம் அது. நாட்டிலேயே முதலில் எங்கள் மாநிலம்தான் சொல்ல வேண்டும் என்பதால், வேட்பாளர்கள் எங்கள் ஊர்க் காபிக்கடை வரைக்கும் வந்து முட்டை தின்றுவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். பெரியம்மா ஒருத்தரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

வேட்பாளர்களில் ஒருத்தரான கவர்னர் மாரோ விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. காபிக்கடையில் அவர் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஊர்ல ஒண்ண மாத்தணும்னா எதை மாத்துவீங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள் என்று இவள் சொன்னாள். இவள் மருமகளுக்கு வலி எடுத்து, ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகிற வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் காரிலேயே குழந்தை பிறந்தது. மகன் தன் பனிக்கோட்டைக் கழற்றிச் சுற்றினான். குழந்தை பிழைத்துக்கொண்டது. கவர்னர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேறொரு ஊர்க் கூட்டத்தில் அந்தக் கோட்டுக் கதையை அவர் சொன்னது ரேடியோவில் வந்தது. பெரியம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு நின்றாள். மறுநாளே கெல்டனுக்கு மாரோவின் பொறுப்பாளர் ஆகிவிட்டாள்.

"வீட்டுல இருக்குற என் ஒரு ஓட்டையே மாத்த முடியல, இவ ஊரை மாத்தப் போறா" என்றார் பெரியப்பா மெர்ல். அவர் பரம்பரையாக எதிர்க்கட்சி.

"உங்களை மாத்துற நேரத்துக்கு நான் ரெண்டு தெரு நடந்துருவேன்" என்றாள் பெரியம்மா.

நடந்தாள். நானும் கூட நடந்தேன், எனக்கும் வேறு வேலை இல்லை. கன்னம் மரத்துப்போகிற குளிரில் கதவு கதவாகத் தட்டினோம். யாரும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசவில்லை. "உள்ள வா ஆர்டித், காபி குடிச்சிட்டுப் போ. ஓட்டு விஷயம் பாக்கலாம்" என்பார்கள். எங்கள் ஊரில் "பாக்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம்.

தலைமை ஆபீஸிலிருந்து நடாலி என்ற பெண் வந்து நூலகத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தாள். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுவாள். "கொள்கை சொல்லி யாரையும் கூட்டிட்டு வர முடியாதுங்க. உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல முடியாத ஆளு ஊர்ல யாரு? யாருக்கு நீங்க என்ன செஞ்சிருக்கீங்க? அதை யோசிங்க" என்றாள்.

பெரியம்மா சிரித்துவிட்டாள். "அதெல்லாம் எங்க ஊர்ல பேசுறது இல்லம்மா."

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம் நடந்த அன்று பள்ளிக்கூட உள்ளரங்கம் ஈரக் கோட்டு வாசனையோடு நிரம்பியிருந்தது. எங்கள் மாநிலத்தில் இதற்கு ஓட்டுச்சீட்டு கிடையாது. நீ யாருக்கு என்பதை ஊர் பார்க்க எழுந்து நடந்து போய், அவருடைய மூலையில் நின்று காட்ட வேண்டும். வந்திருப்பவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மூலையில் இல்லாவிட்டால் அந்த மூலை செல்லாது. அங்கே நிற்பவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், இல்லையென்றால் கொடுக்கிற கொஞ்ச நேரத்துக்குள் பேசி ஆள் இழுத்துக்கொள்ளலாம்.

எங்கள் மூலை கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. பெரியம்மா ஒரு மேசை போட்டு, சாக்லேட் பார்களைத் துண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தாள். பியூட்டி பார்லர் கெய்லீன் இன்னொரு வேட்பாளரான செனட்டர் பக்லியின் மூலையிலிருந்து வந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

"உன் பார் மாரோவுக்கு, என் வயிறு பக்லிக்கு. கோச்சுக்காத."

"தின்னுடி. தின்னுட்டு மனசு மாறினா இங்க எடம் இருக்கு."

"மனசு மாறாது, இடுப்புதான் மாறும்" என்றாள் கெய்லீன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் பழைய தச்சுவேலை வாத்தியார் ஆர்லின். முதல் எண்ணிக்கை முடிந்ததும் மைக்கில் அறிவித்தார். மாரோ மூலைக்குப் பதினொரு பேர் வேண்டும். நாங்கள் பத்துப் பேர்.

பெரியம்மா அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் நேரே பக்லி மூலைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் லவெர்ன் ஹாகன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அறுவடை நேரத்தில் அவர் மனைவி ஜாய்ஸ் இறந்துபோனாள். பக்லி பெயர் போட்ட பலகையை வீட்டு முன்னால் நட்டது ஜாய்ஸ்தான். அவள் போன பிறகும் அந்தப் பலகை பனியில் பாதி புதைந்து அப்படியே நின்றது. லவெர்னுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து பெரியம்மா வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோனாள்.

"லவெர்ன், எங்களுக்கு ஒரே ஒரு ஆள் குறையுது."

"தெரியுது."

"உங்க மூலையில நிறையப் பேரு இருக்கீங்க. நீ ஒருத்தன் வந்தா இங்க ஒண்ணும் குறையாது. அந்தப் பிரசவ வார்டு விஷயம் உனக்குத் தெரியாதா?"

லவெர்ன் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "ஜாய்ஸ் இவருக்குத்தானே பலகை நட்டா" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு எங்கள் மூலையைப் பார்த்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது.

ஆர்லின் மைக்கில், "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு மக்களே" என்றார்.

பெரியம்மா கழுத்து சிவந்தது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"அறுவடையிலேர்ந்து உனக்குச் சாப்பாடு கொண்டாந்தது யாரு, லவெர்ன்? பக்லியா?"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதைப் பார்த்து அடுத்தவர்கள் நிறுத்தினார்கள். கெய்லீன் கையில் இருந்த பாதி பாரைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றினாள்.

லவெர்ன் சட்டையில் ஒட்டியிருந்த பக்லி ஸ்டிக்கரை ஓரம் கிழியாமல் உரித்தார். எறியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாரும் பார்க்க அரங்கத்தின் நடுவே நடந்து வந்து, வளையத்துக்குக் கீழே எங்களோடு நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மாரோ, பதினொண்ணு. செல்லும்" என்றார் ஆர்லின். எங்கள் மூலையில் இரண்டு மூன்று பேர் கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததால் விட்டுவிட்டார்கள். மாவட்ட மாநாட்டில் மாரோவுக்கு ஒரு இடம். நடாலி அன்றே போன் பண்ணி, "நீங்க சிங்கம்!" என்று கத்தினாள். பெரியம்மா, "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

மாநில அளவில் மாரோ நாலாவதாக வந்தார். மறுநாள் காலை நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது, போட்டியிலிருந்து விலகுவதாக டிவியில் சொன்னார். பெரியப்பா கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பெரியம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வெண்ணெயை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த வாரமே பாத்திரங்கள் வரத் தொடங்கின. முதலில் லவெர்னுடையது. மணி அடிக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பளபளவென்று கழுவியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அடுத்து கெய்லீன். பிறகு தபால் ஆபீஸ்காரர் வீடு, ஆர்லின் வீடு. எப்போதோ கொடுத்து இவளே மறந்துபோனவையெல்லாம் வந்தன. எல்லாமே கழுவித் துடைத்து, காலியாக. டேப்பில் அவள் பெயர் ஈரம் பட்டு மங்கியிருந்தது. மேசை நிறைந்து, பிறகு தரையிலும் அடுக்க வேண்டி வந்தது.

"யாராவது வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போனா தேவலை" என்றாள் பெரியம்மா.

யாரும் திட்டவில்லை. சர்ச்சில் வழக்கம்போல வணக்கம் சொன்னார்கள், குளிரைப் பற்றிப் பேசினார்கள். கெய்லீன் புருஷனுக்கு இதய ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு இவள் போன் செய்தபோது, "வேண்டாம் ஆர்டித், நாங்க பாத்துக்குறோம். பிரிட்ஜே நிறைஞ்சு கெடக்கு" என்றாள் கெய்லீன். கெல்டனில் இவளுக்கு அப்படிச் சொல்லப்பட்டது அதுவே முதல் தடவை. போனை வைத்துவிட்டு, உரித்து வைத்திருந்த உருளைக்கிழங்கையெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரில் போட்டாள்.

பனி உருகத் தொடங்கியபோது ஒரு நாள், "காரை எடு. லவெர்ன் வீட்டுக்குப் போகணும்" என்றாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. வழி நெடுக இரண்டு கைகளையும் மடியில் கோர்த்துக்கொண்டு வந்தாள்.

லவெர்ன் கொட்டகையில் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே பலகை இன்னும் நின்றது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் பெரியம்மா.

லவெர்ன் கந்தலில் கையை விரல் விரலாகத் துடைத்தார். "ஜாய்ஸ் ரெண்டு பிள்ளையையும் அந்த ஆஸ்பத்திரியிலதான் பெத்தா. நீ கேட்டதும் அதைத்தான் யோசிச்சுட்டு நின்னேன். அவ இருந்திருந்தா யார் பக்கம் போவான்னு."

பெரியம்மா தலையை ஆட்டினாள்.

"இன்னொரு தடவ கேட்டிருந்தா வந்திருப்பேன், ஆர்டித்."

கோபமாகச் சொல்லவில்லை. எண்ணெய் விலை சொல்வது போலச் சொன்னார். பிறகு, "ஒரு மாதிரி சமைக்கக் கத்துக்கிட்டேன். உசுரோடதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு டிராக்டருக்கு அடியில் குனிந்துகொண்டார். திரும்பி வரும்போது பெரியம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது மட்டும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

திரும்பி வந்த பாத்திரங்களைக் கத்தியால் சுரண்டி டேப்பை எடுத்து, சர்ச் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது அலுமினியத் தட்டுகளில்தான் சமைக்கிறாள், தின்றுவிட்டுக் கசக்கி எறிகிற வகை. பெயர் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். அந்தப் பாலாடை ருசி ஊருக்கே தெரியும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிட்டுவிடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் லவெர்னுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது அங்கேயும் ஒரு தட்டு போனது. சில நாள் கழித்து எங்கள் வாசற்படியில் அந்தத் தட்டு இருந்தது. கழுவி, நசுங்கிய ஓரங்களைக் கட்டைவிரலால் நேராக்கி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்து. உள்ளே ஒன்றுமில்லை.

"தூக்கிப் போட வேண்டிய தட்டு, பெரியம்மா. இதைப் போய்க் கழுவிக் கொண்டாந்திருக்கார். உங்க கடன் எதுவும் வேணாங்கிறாரா, இல்ல இன்னும் கொண்டாங்கிறாரா?"

"தெரியலடி" என்றாள். தட்டை வெளிச்சத்தில் தூக்கி, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். "விழல."

அதே தட்டுதான் இன்றுவரை போய் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக நசுங்கி, ஒவ்வொரு தடவையும் காலியாக. கொண்டுபோகும் நாளில் பெரியம்மா முதலில் என்னைத்தான் அனுப்புவாள், லவெர்ன் வண்டி அவர் வாசலில் நிற்கிறதா என்று பார்த்து வர. நின்றால் அன்றைக்குப் போகமாட்டாள்.