நெஞ்சில் அடிக்கும் காற்று

பூம்பாறை போகிற சாலையில் ஒரு மெக்கானிக் கடை. என் பைக்கின் முன்கண்ணாடி ஓரங்களில் மாட்ட இரண்டு ஜோடி காற்றுத் தடுப்புகள் கொண்டுவந்திருக்கிறேன். அகலமானதை மாட்டச் சொல்லி, பிடிக்காமல் கழற்றச் சொல்கிறேன். பிறகு சின்னது. மறுபடியும் அகலமானது. எனக்காக மெக்கானிக் பாதியில் விட்ட மொபெட் சக்கரமில்லாமல் சாய்ந்து நிற்கிறது. அதன் சொந்தக்காரரான பூண்டு விவசாயி குத்தவைத்துக் காத்திருக்கிறார்.

"வத்தலக்குண்டுல இருந்து காத்து நெஞ்சுலயே அடிக்குதுங்க," என்று அவரிடம் அலுத்துக்கொள்கிறேன்.

"ஆமாங்க, பொல்லாத காத்து."

மெக்கானிக்கின் கையிலிருந்து ஒரு ஸ்க்ரூ நழுவிச் சேற்றில் விழுகிறது. விவசாயி சட்டைப் பொத்தானைக் கழற்றி, மார்போடு மடித்து வைத்திருந்த செய்தித்தாளை உருவி, பைக்குக்கு அடியில் விரிக்கிறார்.

"இதுல வைங்க, தொலையாது."

"சட்டைக்குள்ள எதுக்குங்க பேப்பரு?" என்று கேட்கிறேன்.

"காத்துக்குத்தாங்க."

"அவரு வண்டிய முதல்ல பாருங்க," என்கிறேன் மெக்கானிக்கிடம்.

"இருக்கட்டுங்க," என்கிறார் விவசாயி. "நீங்க தூரம் போறவுக. வெரசா முடிச்சுட்டுக் கெளம்புங்க."

குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்குகிறேன். தாளில் அவர் உடம்புச் சூடு இன்னும் இருக்கிறது. ஓரங்களில் சேறு ஊறிக்கொண்டிருக்கிறது.