கன்னியப்பனின் ட்ரையரும் என் கோணிச் சாக்கும்

பழைய கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்த லலிதாதான் போன் செய்தாள். சனிக்கிழமை காலை. பள்ளிக்கரணை வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "அக்கா, கன்னியப்பன் போயிட்டாருக்கா. கார்த்தால நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்று நிறுத்தினாள். அவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனிமேல் அவரிடம் அந்த விஷயத்தைச் சொல்லவே முடியாதே என்ற பயம். நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஞ்சலி என்று எழுத உட்கார்ந்துவிட்டு பூசி மெழுகக் கூடாது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியார் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். படப்பையைத் தாண்டி, கார் கதவுக் கைப்பிடிகளுக்கு பெயின்ட் அடிக்கிற கம்பெனி எங்களுடையது. பெயின்ட்டைப் பீய்ச்சுகிற காற்றில் ஈரமே இருக்கக் கூடாது. அந்தக் காற்றைக் காய வைக்கிற ட்ரையர்தான் கன்னியப்பனின் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு இரண்டு உருளைகள், உள்ளே வெள்ளை வெள்ளையாக மணிகள். ஒரு உருளை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது மற்றது தன் ஈரத்தை வெளியே ஊதித் தள்ளும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளும். மாற்றும்போது மஃப்ளர் என்கிற குழல் வழியாக 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், காது கிழியும். மஃப்ளர் சத்தத்தைக் குறைக்கத்தான் என்பார்கள். குறைத்தே அந்த லட்சணம்.

அவர் கோவளத்துக்காரர். விடியுமுன் பஸ் ஏறி, தாம்பரத்தில் கம்பெனி வண்டியைப் பிடித்து வருவார். வந்ததும் டீகூடக் குடிக்காமல் ட்ரையர் முன்னால் போய் நிற்பார். ஃபில்டருக்கு அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவார். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் நீல மணிகள் நீலமாகவே இருக்கின்றனவா, ஈரம்பட்டு ரோஸ் நிறமாகிவிட்டனவா என்று பார்ப்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தப் புஸ் வரும்வரை காத்திருப்பார். வந்தால்தான் டீ. "கருவாடு காயப்போடற வூட்ல பொறந்தவன் மேடம் நானு. காத்துல கீற தண்ணி கண்ணுக்குத் தெரியாது, பெயின்ட்ல தெரியும்" என்பார்.

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் உட்காரும் பிளானிங் அறைக்கும் ட்ரையருக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். போனில் கஸ்டமரிடம் தேதி சொல்லிக்கொண்டிருப்பேன், புஸ்! "என்னம்மா, டயர் பஞ்சரா?" என்று கேட்ட கஸ்டமர்கூட உண்டு. நான் ஓடிப்போய் சண்டை போடுவேன். அவர் நிதானமாக, "அது கத்துற வரைக்கும் நல்லது மேடம். கத்தலேன்னாதான் பேஜாரு" என்பார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். இது வாரத்துக்கு மூன்று தடவையாவது நடக்கும்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. அவர் லீவில் இருந்த நாள். பின்பக்கம் போய், கிடந்த கோணிச் சாக்கை எடுத்து, மஃப்ளரைச் சுற்றி பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழல் தொழிற்கூடத்தின் பின்சுவர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் வந்த கன்னியப்பனும் முன்பக்கம் நின்று காதைத் தீட்டினார், முகத்தைச் சுளித்தார், என்ன குறை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் கைப்பிடிகள் எல்லாம் அம்மை போட்டதுபோலக் கொப்புளத்தோடு வந்தன. பெயின்ட் அடிக்கிற லைனே நின்றது. கண்ணாடிக் குமிழில் நீலம் போய் முழுக்க ரோஸ். "ஊதித் தள்ற காத்து வெளிய போவல சார், எங்கியோ அடைக்குது" என்று அவர் மேனேஜரிடம் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. பின்பக்கம் ஓடினேன். ஈரமும் மணிகளிலிருந்து வந்த வெள்ளைப் பொடியும் சேர்ந்து கோணி களிமண்ணாக இறுகிக் கிடந்தது. பிய்த்து எடுத்து, குப்பைக் குவியலுக்குள் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வேலை என்னுடையது. வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம், பையனுக்கு மூன்று வயது. அன்று சாயங்காலம் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள். கன்னியப்பன் முன்னால் வந்து, "மஃப்ளர் அடைச்சினு இருந்துது சார். நான்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் என் அறைக்கு வந்தார். தினசரிச் சோதனைப் பட்டியலைத் தட்டச்சு செய்வது நான்தான். "பத்தாவதா ஒண்ணு சேத்துக்குங்க மேடம். பின்னால போய் மஃப்ளரைக் கண்ணால பாக்கணும்னு" என்றார். அடித்துக் கொடுத்தேன். போகும்போது ஒரு சின்ன மருந்துக் குப்பியை மேஜைமேல் வைத்தார். உள்ளே நீல மணிகள். "ஃபைல் அலமாரில பூசணம் புடிக்குதுன்னீங்களே. ரோஸாச்சுன்னா பழைய தகரத்துல போட்டு லேசா சூடு காட்டுங்க, திரும்ப நீலமாய்டும். சமைக்கிற ஏனத்துல வேணாம், வெசம். எத்தினி வாட்டி ரோஸானாலும் அது கோச்சுக்காது" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மனுஷன் தான் செய்யாத தப்பைத் தன் தப்பென்றே நம்பிக்கொண்டிருக்கிறாரே என்பதுதான் இத்தனை வருஷமும் என்னை அரித்தது. வேறு வேலைக்குப் போன பிறகும் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். "இன்னா மேடம், புது ஆபீஸ்ல சத்தம் இல்லியே?" என்று கேட்பார். வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன்.

இறுதிச் சடங்கில் கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மனது கேட்காமல் மறுபடி கோவளம் போனேன். அவர் மனைவி அஞ்சலை மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வியாபாரத்துக்கு இன்னும் போகவில்லை, சும்மா கை பரபரத்ததாகச் சொன்னார். என் பெயரைச் சொல்லி, "அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அந்தக் கோணி மேடமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அன்னிக்கே வந்து சொல்லிச்சே. கொழாயில சணல் நாரு ஒட்டினு இருந்துதாம், உங்க பொடவைல வெள்ளப் பொடியாம். பாவம், போன்ல பேச முடியாம கட்டிட்டாங்க, அவங்களைக் காட்டிக் குடுத்தா சீட்டு கிழிஞ்சிடும், எனக்கு ஒரு காயிதத்தோட போச்சுன்னுச்சு." கூடையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். "பத்தாவதுன்னு ஏதோ உங்க கையாலயே அடிக்க வெச்சுதாமே. இஞ்சி தின்ன கொரங்காட்டம் மூஞ்சிய வெச்சினு அடிச்சீங்களாம். அதைச் சொல்லிச் சொல்லி சிரிக்கும்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நானும் கேட்டேன். தெரியும்னு சொல்லிட்டா அப்பால அந்தம்மா எங்கூட சண்டை போட வராது, எனக்கு அங்க சண்டை போட வேற யாரு கீறாங்கன்னுச்சு."

அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அஞ்சலை அக்காவும் அப்படித்தான். ஆறு வருஷமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல் அந்த முற்றத்திலேயே இறங்கிவிட்டது. தெரிந்தேதான் செய்தார், ஏமாறவில்லை. அது போதும் எனக்கு. நண்பர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்: அன்று லைன் நின்றது என்னால். கன்னியப்பன் ஒருநாளும் எதையும் பார்க்காமல் விட்டவர் இல்லை.

அவர் கொடுத்த குப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. என்றோ ரோஸாகிப்போனது. தொட மனம் வராமல் பீரோவின் மூலையில் அப்படியே போட்டு வைத்திருந்தேன். கோவளத்திலிருந்து வந்த அன்றே ஒரு பழைய தகர மூடியில் மணிகளைக் கொட்டி, மாடியில் கரி அடுப்பு மூட்டிச் சூடு காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு மணி, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று எல்லாம் நீலமாயின. அவர் சொன்னது சரிதான். கோபித்துக்கொள்ளவே இல்லை.