அத்தான் எழுதிய ஆறு இடங்கள்

அக்காவின் இரும்புப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் அந்த நீலக் கடிதத் தாள் இருந்தது. அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. பல வருஷம் அதை அவளுக்குப் படித்துக் காட்டியவள் நான்தான்.

அத்தான் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தார். துரைக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் அந்தக் கார்கள் கிளம்பும். அதுவும் அத்தான் சுற்றினால்தான். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் துரை, எண்ணெய் எடுக்கும் ஏதோ ஒரு பாலைவன நாட்டுக்கு வேலை மாறிப் போனார். கார்களைக் கப்பலில் ஏற்றினார், கூடவே அத்தானையும். ஊரெல்லாம் கொடியும் கொண்டாட்டமுமாக இருக்க, எங்கள் காஜா பேராங் வீட்டில் அக்கா மட்டும் அழுது வீங்கிய முகத்தோடு அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டே வருஷம். வீடு கெடைச்சதும் ஒன்னையும் கூட்டிக்கிறேன்" என்றார் அத்தான். நல்ல மனுஷன், சொன்னால் செய்கிறவர்.

அங்கே துரையைப் பார்க்க, அவரைப் போலவே கார்ப் பைத்தியங்கள் பழைய கார்களில் வருவார்களாம். அவர்களுக்கு எதையெதைக் காட்டலாம் என்று துரை அத்தானைத்தான் கேட்பாராம். கிழட்டுக் கார் எந்த வழியைத் தாங்கும் என்று அவருக்குத்தானே தெரியும்! அப்படி அவர் சொன்ன ஆறு இடங்களை அந்த நீலத் தாளில் வரிக்கு ஒன்றாக எழுதி அக்காவுக்கும் அனுப்பியிருந்தார். விடியற்காலையில் மணல்மேடு, காரை இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் தள்ளாமலே கிளம்பும். வெயில் ஏறியதும் இடிந்த மண்கோட்டை. பிறகு உப்புவெளி, அங்கே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வெற்றிலை மடிக்கலாம், அவ்வளவு நேர்ப்பாதை. நாலாவது, மூன்று பேரீச்ச மரம் நிற்கும் கிணறு. கொதிக்கிற ரேடியேட்டருக்கு அங்கேதான் தண்ணீர். அப்புறம் ஒட்டகச் சந்தை. கடைசியில் கடல் தெரியும் கருப்புப் பாறை. அடியில், "நீ வந்தாலும் இதே வரிசையில்தான் கூட்டிப்போவேன்" என்று எழுதியிருந்தார்.

"மணலப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? பண்டார் ஹிலிர் கடக்கரையில இல்லாத மணலா?" என்று அக்கா வாயால்தான் நொடித்தாள். மறுநாளே ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போய், வெயிலுக்கு ஆகும் என்று மெல்லிசு நூல் புடவை இரண்டு எடுத்துவந்தாள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் கடிதமே இல்லை. ஒரு மழை நாளில் தபால்காரர் கேட்டருகில் என் கையில் ஒன்றைக் கொடுத்தார். மூலையில் கருப்பு மை. துக்கக் கடிதாசி வீட்டுக்குள் வரக்கூடாது, படித்த இடத்திலேயே கிழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நின்றபடியே படித்தேன். அத்தானோடு வேலை பார்த்த சமையல்காரர் எழுதியிருந்தார். அத்தானுக்கு மூன்று நாள் காய்ச்சலாம், அதிலேயே போய்விட்டாராம். எரிக்க விறகில்லாத ஊராம். விருந்தாளிகளை அவர் கூட்டிப்போகும் இடங்களில் ஒன்றிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். எந்த இடம் என்றும் எழுதியிருந்தது. என் கண் அதன் மேல் ஓடியது, மனசில் ஏறவில்லை. உள்ளே அக்கா ஏதோ கேட்டாள். சுக்குச்சுக்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். மழைத்தண்ணீர் கொண்டுபோய்விட்டது. பெரிய சாஸ்திரக்காரி நான்! பதினெட்டு வயசில் எனக்கு எதற்கு அந்தச் சாஸ்திரம்?

அழுது ஓய்ந்த பிறகு அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எந்த எடத்துலடி வச்சிருக்காங்க?" எவ்வளவு யோசித்தும் அந்த வரி எனக்கு ஞாபகம் வரவில்லை. சமையல்காரரின் விலாசமும் அந்தத் துண்டுகளோடே போயிருந்தது. துரைக்கு எழுதிய கடிதம், ஆள் அங்கே இல்லை என்று திரும்பி வந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். வருஷா வருஷம் திதி அன்றைக்கு அந்தத் தாளை எடுத்துவந்து, "படி" என்பாள். ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்ப்பாள்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஒரு வருஷம் பொய் சொன்னேன். "ஞாபகம் வந்துருச்சுக்கா. நாலாவது. கெணத்தடி."

அக்கா தாளை வாங்கி மடித்தாள். "நெழல் இருக்குல்ல. தண்ணியும் இருக்கு" என்றாள். அதன்பிறகு படிக்கச் சொல்லவே இல்லை. நம்பிவிட்டாள், நிம்மதியாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நேற்று ஒருவழியாகத் தாளைப் பிரித்தேன். நாலாவது வரியின் ஓரத்தில் குங்குமம் வைத்திருந்தாள். முதல் வரியிலும் வைத்திருந்தாள். இரண்டாவதிலும், மூன்றாவதிலும், ஐந்தாவதிலும், கடைசி வரியிலும். வருஷா வருஷம் வைத்துவைத்து, ஆறு பொட்டும் தாளின் மறுபக்கம் வரை ஊறியிருந்தன.